லேடெக் ஆவணத்திலிருந்து இணையப் பக்கம்: எதை மேக்ரோவாக்குவது, எங்கே உடையும்

கேள்வி இது: லேடெக்கில் (கட்டளைகளால் ஆவணத்தை அமைக்கும் மென்பொருள்) எழுதிய நூறு பக்கப் பயிற்சிக் கையேடு ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பத்திகள், சமன்பாடுகள், எச்சரிக்கைப் பெட்டிகள், படங்கள் எல்லாம் அதில் உண்டு. பிடிஎஃப் நன்றாக வருகிறது. அதே மூலக் கோப்பிலிருந்து இணையப் பக்கங்களும் வேண்டும். இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. எந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது?

லேடெக்கை இணையப் பக்க மொழியான எச்டிஎம்எல் ஆக்கும் டெக்4ஹெச்டி போதும். அதை இயக்க மேக்4ஹெச்டி என்ற கட்டளை இருக்கிறது. டெக் லைவ் என்ற லேடெக் விநியோகத்தை முழுமையாக நிறுவியிருந்தால் இரண்டும் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கும். ஆனால் கருவியைத் தொடுவதற்கு முன் மூலக் கோப்பைப் பாருங்கள். மாற்றம் ஒழுங்காக வருமா என்பதை முக்கால்வாசி அதுதான் தீர்மானிக்கிறது.

ஒரு துணைத்தலைப்பை "செக்‌ஷன்" கட்டளையால் போட்டிருந்தால், அது தலைப்பு என்பது கருவிக்குத் தெரியும். பக்கத்தில் எச்2 அல்லது எச்3 என்ற எச்டிஎம்எல் தலைப்புக் குறியாக (டேக்) வரும், பொருளடக்கத்தில் சேரும், இணைப்பும் கிடைக்கும். அதே தலைப்பைப் பெரிய எழுத்து, தடித்த எழுத்து, கொஞ்சம் இடைவெளி என்று கையால் அமைத்திருந்தால் அச்சில் வித்தியாசம் தெரியாது. இணையப் பக்கத்திலோ அது தடித்த எழுத்தில் உள்ள சாதாரணப் பத்திதான். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைத் தலைப்பாக அறிவிக்காது, தேடுபொறியும் அதைத் தலைப்பாகக் கொள்ளாது. ஆகவே முதல் வேலை, கோப்பில் நேரடியாக எழுதியிருக்கும் தடித்த எழுத்து, எழுத்தளவு, செங்குத்து இடைவெளிக் கட்டளைகளைத் தேடி எடுப்பது. ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று பார்த்து அந்த நோக்கத்தின் பெயரில் ஒரு மேக்ரோ (நீங்களே வரையறுக்கும் கட்டளை) எழுதுங்கள்: கருவியின் பெயருக்கு ஒன்று, மெனுவில் சொடுக்கவேண்டிய சொல்லுக்கு ஒன்று, எச்சரிக்கைக்கு ஒன்று. அச்சில் மூன்றும் தடித்த எழுத்தாகவே இருக்கட்டும். பெயர் வேறாக இருந்தால்தான் இணையத்தில் அவற்றைப் பிரித்தாள முடியும்.

இது லேடெக்குக்கு மட்டும் உரிய விஷயமல்ல. யூனிக்ஸ் கையேட்டுப் பக்கங்களுக்கு "மேன்" என்றும் "எம்டாக்" என்றும் இரண்டு மேக்ரோத் தொகுப்புகள் உண்டு. மேன் தொகுப்பில் எழுதுபவர் இது தடித்த எழுத்து, இது சாய்வெழுத்து என்று தோற்றத்தைத்தான் சொல்கிறார். எம்டாக்கில் இது கட்டளையின் விருப்பக்கொடி, இது பயனர் தரவேண்டிய மதிப்பு, இது வேறொரு கையேட்டுப் பக்கத்துக்கான சுட்டு என்று சொல்ல வேண்டும். அதனால் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் பயன்படுத்தும் மாண்டாக் நிரல், எம்டாக் கோப்பை எச்டிஎம்எல் ஆக்கும்போது கொடியைக் கோட் டேக்கிலும் மதிப்பை வார் டேக்கிலும் வைத்து, சுட்டை உண்மையான இணைப்பாகவே மாற்றித் தர வல்லது. மேன் தொகுப்பில் எழுதிய பக்கத்திலிருந்து இதே அளவு தகவலை எந்த நிரலாலும் எடுக்க முடியாது. அந்தத் தகவல் கோப்பில் எழுதப்படவே இல்லை.

இனி டெக்4ஹெச்டி வேலை செய்யும் விதம். இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பிழைகளில் பாதிக்குக் காரணம் தானாகவே தெரியும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஈட்டன் குராரி உருவாக்கியது இது. 2009இல் அவர் மறைந்தபின் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த சி. வி. ராதாகிருஷ்ணனும் கார்ல் பெர்ரியும் பராமரிப்பை ஏற்றார்கள். மேக்4ஹெச்டியை எழுதிய மிகல் ஹாஃப்டிச் பின்னர் அந்தப் பணியைத் தொடர்ந்தார். உங்கள் ஆவணத்தை ஓட்டுவது உண்மையான டெக் எந்திரமேதான். அதற்கு முன்பே டெக்4ஹெச்டி ஏற்றப்பட்டு, செக்‌ஷன், பட்டியல், அட்டவணை, அடிக்குறிப்பு போன்ற மேக்ரோக்களின் முன்னும் பின்னும் டேக்குகளைச் செருகும் கொக்கிகளை மாட்டிவிடுகிறது. எந்திரம் பிடிஎஃபுக்குப் பதிலாக டிவிஐ என்ற பழைய பக்க வடிவக் கோப்பை எழுதும். அதில் எழுத்துகளுக்கு இடையே "இங்கே எச்2 தொடங்குகிறது" என்பது போன்ற மறைகுறிப்புகள் இருக்கும். அடுத்த நிரல் அந்த டிவிஐயைப் படித்து எச்டிஎம்எல் எழுதுகிறது. மூன்றாவது நிரல் படங்களையும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பையும் உருவாக்குகிறது.

உண்மையான எந்திரமே ஓடுவதால், நீங்கள் எழுதிய எவ்வளவு சிக்கலான மேக்ரோவும் விரிந்துவிடும். இதுதான் இதன் பெரிய பலம். ஆவண வடிவங்களை மாற்றும் பண்டாக் நிரல் அப்படியல்ல. அது லேடெக்கைத் தானே வாசித்துப் புரிந்துகொள்ள முயல்கிறது. எளிய புதுக்கட்டளைகளை விரிக்கும், தெரியாத சூழல்களை (தொடக்க, முடிவுக் கட்டளைகளுக்கு இடைப்பட்ட பகுதிகளை) அந்தப் பெயரிலேயே டிவ் டேக்காக்கும்; டிவ் என்பது பக்கத்தின் ஒரு தொகுதியைக் குறிக்கும் டேக். ஆனால் தெரியாத கட்டளைகளை இயல்பான அமைப்பில் ஓசையில்லாமல் விட்டுவிடும். பத்துப் பக்கக் கட்டுரைக்குப் பண்டாக் விரைவானது. நூறு பக்கக் கையேட்டில் எந்த வரி காணாமல் போனது என்று யாரும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

முதல் ஓட்டத்தைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் ஓட்டம் விட்டுச்சென்ற துணைக் கோப்புகளை டெக்4ஹெச்டி ஓட்டம் படித்தால், வேறு பொதியின் (லேடெக்கில் சேர்க்கும் கூடுதல் கட்டளைத் தொகுப்பு) கட்டளைகள் உள்ளே வந்து, கோப்பில் இல்லாத பிழை ஒன்றைக் காட்டும். கட்டளையின் அமைப்பு இது: மேக்4ஹெச்டி, பிறகு ஹைஃபன் எல் (லேடெக்கின் யூனிகோட் வடிவமான லுவாலேடெக்கில் ஓட்ட), ஹைஃபன் சி உடன் கான்ஃபிக் கோப்பின் (உங்கள் அமைப்புகள் உள்ள கோப்பு, பின்னால் பார்ப்போம்) பெயர், ஹைஃபன் டி உடன் வெளியீட்டுக் கோப்புறை, அதன்பின் ஆவணத்தின் பெயர், கடைசியில் மேற்கோள் குறிகளுக்குள் டெக்4ஹெச்டியின் விருப்பங்கள். அந்த விருப்பங்களை முதலில் மேத்எம்எல், 2, எஃப்என்-இன் என்று காற்புள்ளியால் பிரித்துக் கொடுங்கள். மேத்எம்எல் என்பது சமன்பாடுகளைப் பக்கத்தில் எழுதும் குறிமொழி. 2 என்பது ஆவணத்தை மேல்மட்டத் தலைப்புதோறும் தனிப் பக்கமாகப் பிரிக்கும். எஃப்என்-இன் அடிக்குறிப்புகளைத் தனிக் கோப்பில் போடாமல் அதே பக்கத்தின் அடியில் வைக்கும். இதைக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு குறிப்புக்கும் வாசகர் பக்கம் மாறவேண்டியிருக்கும்.

இயல்பாக ஆவணம் மூன்று முறை தொகுக்கப்படும். சுட்டெண்களும் இணைப்புகளும் நிலைபெற அது தேவை. எழுதிக்கொண்டிருக்கும் நாட்களில் ஹைஃபன் எம் உடன் "டிராஃப்ட்" கொடுத்தால் ஒரே ஓட்டத்தில் முடியும், இணைப்புகள் மட்டும் பழையதாக இருக்கும். விருப்பங்களை மாற்றினால் அதே ஹைஃபன் எம் உடன் "க்ளீன்" கொடுத்துத் துணைக் கோப்புகளை அகற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நூற்பட்டியல் இருந்தால் இன்னொன்றும் செய்ய வேண்டும். நூற்பட்டியலை அமைக்கும் பைபரையோ பிப்டெக்கையோ மேக்4ஹெச்டி தானாக ஓட்டாது. ஆவணத்தின் பெயரிலேயே "எம்கே4" என்ற பின்னொட்டுடன் ஒரு கோப்பு வைத்து, அதில் ஒரு தொகுப்பு, பைபர், மீண்டும் தொகுப்பு என்று மூன்று லுவா வரிகள் எழுதினால் அதைத் தானாக எடுத்துக்கொள்ளும். பக்கமெங்கும் மேற்கோள் எண்ணுக்குப் பதில் கேள்விக்குறியோ வெறும் சாவிச்சொல்லோ தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

உழைப்பு அதிகம் கேட்பது கான்ஃபிக் கோப்புதான். அதன் எலும்புக்கூடு மூன்றே வரி: முதலில் "ப்ரீயாம்பிள்" கட்டளை, நடுவில் "பிகின் டாக்குமெண்ட்", கடைசியில் "எண்ட்ப்ரீயாம்பிள்". உங்கள் மேக்ரோக்களுக்கான அமைப்புகளை இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவே எழுதுங்கள். அப்போதுதான் மூல ஆவணத்தின் முகப்பில் நீங்கள் வரையறுத்தவை ஏற்கெனவே இருக்கும், அவற்றை மாற்ற முடியும்.

எச்சரிக்கைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். பிடிஎஃபில் அது சிவப்புச் சட்டமும் நிழலும் உள்ள பெட்டி, டிகலர்பாக்ஸ் என்ற பொதி கொண்டு வரைந்தது. இணையப் பக்கத்துக்கு அந்த வரைவு வேண்டாம். வகுப்புப் பெயருடன் ஒரு டிவ் இருந்தால் போதும், சட்டம் போடுவது சிஎஸ்எஸ் வேலை. ஆவண முகப்பில் ஒரு நிபந்தனை வையுங்கள்: "ஹெச்கோட்" என்ற கட்டளை வரையறுக்கப்பட்டிருந்தால் (பக்கத்தில் டேக்கை நேரடியாக எழுதும் இது, டெக்4ஹெச்டி ஓடும்போது மட்டும் இருக்கும்) எச்சரிக்கைச் சூழலின் தொடக்கமும் முடிவும் வெறுமையாக இருக்கட்டும், இல்லையென்றால் டிகலர்பாக்ஸ். பக்க ஓரங்கள், மேல்தலைப்பு, இரட்டை நெடுவரிசை போன்ற தாளுக்கு மட்டும் பொருந்தும் பொதிகளையும் இதே நிபந்தனையின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். இணையப் பக்கத்தில் அவற்றுக்கு வேலை இல்லை, உடைக்க மட்டும் செய்யும். தலைப்புகளின் தோற்றத்தை மாற்றும் பொதிகளும் அப்படித்தான். அவை செக்‌ஷன் மேக்ரோவையே திருத்தி எழுதுவதால் கொக்கி கழன்று, தலைப்புகள் பக்கத்தில் வெறும் வரிகளாக நிற்கும்.

பிறகு கான்ஃபிக் கோப்பில் "கான்ஃபிகர்என்வ்" கட்டளை. அது ஐந்து மதிப்புகளை எடுக்கும்: சூழலின் பெயர், முன்னால் வரவேண்டியது, பின்னால் வரவேண்டியது, கடைசி இரண்டும் பட்டியலை அடிப்படையாகக் கொண்ட சூழல்களுக்கு. நமக்கு அந்த இரண்டும் வெறுமை. முன்னால் வரவேண்டியதில் ஹெச்கோட் மூலம் திறக்கும் டிவ் டேக்கை மட்டும் எழுதினால் வேலை முடிந்ததுபோல் தெரியும். பக்கத்தைத் திறந்தால் பெட்டிக்கு மேலோ கீழோ காரணமில்லாத வெற்றிடம் இருக்கும். மூலத்தைப் பார்த்தால் டிவ் ஒரு பி டேக்குக்குள் மாட்டியிருக்கும். எச்டிஎம்எல் விதிப்படி பத்திக்குள் டிவ் வரமுடியாது. டிவ் கண்ணில் பட்டதும் உலாவி பத்தியைத் தானே மூடிவிடும். பின்னால் தனியாக வரும் பத்தி முடிவு டேக்கைக் கண்டதும் வெற்றுப் பத்தி ஒன்றை உண்டாக்கும். அதுதான் அந்த இடைவெளி.

தீர்வு இரண்டு சிறு கட்டளைகள். "எண்ட்பி" திறந்திருக்கும் பத்தியை மூடும். "இக்னோர்பார்" அடுத்து ஒரு பத்தி டேக் தானாகத் திறப்பதைத் தடுக்கும். எந்திரம் செங்குத்து நிலையில் (இரண்டு பத்திகளுக்கு இடையில்) இருந்தால் இக்னோர்பார், அதன்பின் எண்ட்பி, அதன்பின் ஹெச்கோட்டில் டிவ், அதன்பின் "பார்" என்ற வரிசை தொடக்கத்துக்கு. முடிவுக்கும் அதே வரிசை, டிவ் மூடும் டேக்குடன், கடைசி பார் இல்லாமல். எந்தத் தொகுதிச் சூழலுக்கும் இதையே நகலெடுத்துக்கொள்ளலாம்.

வரிக்குள் வரும் மேக்ரோக்களில் சிக்கல் நேர் எதிரானது. கருவியின் பெயருக்கான மேக்ரோவை, ஸ்பேன் (வரிக்குள் ஒரு பகுதியைக் குறிக்கும் டேக்) திறப்பு, சொல், ஸ்பேன் மூடல் என்று மறுவரையறை செய்கிறீர்கள். வாக்கியத்தின் நடுவில் சரியாக வரும். பத்தியின் முதல் சொல்லாக வரும்போது மட்டும் ஸ்பேன் பத்திக்கு வெளியே திறந்து உள்ளே மூடும். ஹெச்கோட் தானாகப் பத்தியைத் தொடங்காது என்பதே காரணம். மேக்ரோவின் முதல் வரியில் "லீவ்விமோட்" சேர்த்தால் தீரும். இன்னொன்று: ஹெச்கோட்டுக்குள் டேக் மட்டுமே இருக்கட்டும், வாசகர் படிக்கும் சொற்கள் எப்போதும் வெளியே.

சிஎஸ்எஸை கான்ஃபிக் கோப்பிலேயே எழுத "சிஎஸ்எஸ்" என்ற கட்டளை உண்டு. நாலைந்து வரிக்கு மேல் அதில் எழுதாதீர்கள். டெக்குக்கு விழுக்காட்டுக் குறி என்றால் குறிப்புரையின் தொடக்கம். அகலம் 80% என்று எழுதிய இடத்திலிருந்து வரி முழுதும், மூடும் அடைப்புக்குறி உட்பட, மறைந்துவிடும். பிழைச்செய்தியோ கோப்பின் கடைசி வரியைக் காட்டும். தனி சிஎஸ்எஸ் கோப்பு வைத்து அதை இணைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதில் முதல் விதியாகப் படங்களுக்கு அதிகபட்ச அகலம் 100%, உயரம் தானியங்கி என்று போடுங்கள். லேடெக்கில் வரி அகலத்தின் 0.8 மடங்கு என்று கொடுத்த படம் பக்கத்தில் நிலையான அளவாக மாறி, கைபேசித் திரையைத் தாண்டிப் போகும்.

படங்களின் இன்னொரு சிக்கல் டிவிஐயால் வருவது. பிடிஎஃப் வடிவப் படங்களை இந்த ஓட்டத்தில் கொடுத்தால் அளவு தெரியவில்லை என்ற பிழை வரும். வரைபடங்களை பிடிஎஃப்டுகெய்ரோ போன்ற நிரலால் எஸ்விஜி ஆக்கியும், திரைப்பிடிப்புகளை பிஎன்ஜி ஆகவும் வைத்துக்கொண்டு, இணைய ஓட்டத்தில் அவற்றை எடுக்கச் செய்வது நல்லது. படம் சேர்க்கும் கட்டளையில் "ஆல்ட்" என்ற விருப்பம் உண்டு. படத்தில் இருப்பதை அதில் ஒரு வரியில் தமிழில் எழுதுங்கள், அது மாற்றுரையாகப் பக்கத்துக்குப் போகும்.

சமன்பாடுகளுக்கு மூன்று வழிகள். ஒன்றும் சொல்லாவிட்டால் எளியவை சாய்வெழுத்தாகவும் சிக்கலானவை படங்களாகவும் வரும். படமான சமன்பாட்டைப் பெரிதாக்கவோ நகலெடுக்கவோ முடியாது, ஆகவே அதை விட்டுவிடலாம். மேத்ஜாக்ஸ் விருப்பம் கொடுத்தால் லேடெக் மூலம் அப்படியே பக்கத்தில் எழுதப்பட்டு, உலாவியில் ஓடும் நிரல் அதை அமைக்கும். இதில் ஒரு பொறி: கணிதத்துக்கென்று நீங்கள் எழுதிய சொந்த மேக்ரோக்கள் மேத்ஜாக்ஸுக்குத் தெரியாது. கான்ஃபிக் கோப்பில் மேத்ஜாக்ஸ் அமைப்பில் அவற்றை மறுபடி அறிவிக்காவிட்டால் அந்த இடமெல்லாம் சிவப்பில் கட்டளைப் பெயர் தெரியும். மேத்எம்எல் விருப்பத்தில் மேக்ரோக்களை டெக்கே விரித்துவிடும். ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் முன்பிருந்தே மேத்எம்எல்லைக் காட்டின. 2023 ஜனவரியில் வந்த குரோம் 109இலிருந்து அதுவும் காட்டுகிறது. ஆகவே புதிய ஆவணத்துக்கு மேத்எம்எல்லையே நான் பரிந்துரைப்பேன்.

தமிழுக்கு வருவோம். லுவாலேடெக்கில் ஓட்டச் சொன்னது இதற்காகத்தான். ஜீலேடெக்கிலும் முடியும், ஆனால் தமிழ் எழுத்துத் தொகுதியைத் தனியாக இயக்க வேண்டும், ஓட்டமும் மெதுவாகும். பிடிஎஃபில் "கொ" என்ற எழுத்து சரியாகக் கோக்கப்பட எழுத்துருவும் ஹார்ஃப்பஸ் எந்திரமும் தேவை. இணையப் பக்கத்தில் அந்தக் கோக்கும் வேலையை உலாவியே செய்துகொள்ளும். அங்கே போகவேண்டியது சரியான யூனிகோட் குறியெண்கள் மட்டும். பழைய கோப்புகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பாமினி, டேப், டிஸ்கி போன்ற குறிமுறைகளில் தட்டச்சான உரை, பொருத்தமான எழுத்துரு இருந்தால் அச்சில் அழகாக இருக்கும். எச்டிஎம்எல்லில் ரோமன் எழுத்துகளின் குவியலாக வரும். ரோமன் எழுத்தில் தட்டி முன்செயலி வழியே போகும் பழைய வாஷிங்டன் தமிழ் எழுத்துரு ஆவணங்களுக்கும் இதே கதி. டெக்4ஹெச்டியில் இதற்குத் தீர்வு தேடாதீர்கள். முதலில் மூல உரையை யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒகர உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நிரல்கள் எழுதும் தேடல் அட்டவணைகளில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். மூலக் கோப்பை ஒருமுறை என்எஃப்சி (ஒரே குறியெண்ணாகச் சேர்த்தெழுதும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்குச் சீராக்கிவிடுங்கள். பைத்தானில் அது ஒரு வரி வேலை.

பக்கம் வந்தபின் எச்டிஎம்எல் டேக்கில் மொழிக் குறி என்ன என்று பாருங்கள். ஆங்கிலம் என்றிருந்தால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும். மொழிப் பொதிகளான பேபலிலோ பாலிகுளோசியாவிலோ முதன்மை மொழி தமிழ் என்று அறிவித்திருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். சிஎஸ்எஸில் வரி உயரத்தை 1.6க்குக் குறையாமல் வையுங்கள். அழுத்தச் சொற்களுக்கான சாய்வெழுத்தை நிறுத்தி, நிறத்தையோ தடிமனையோ கொடுங்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் இல்லாததால், உலாவி நேர் எழுத்தையே சாய்த்துக் காட்டும். அது படிக்கச் சிரமம்.

பிழைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மேக்4ஹெச்டி லேடெக்கை நிறுத்தாமல் ஓட்டுகிறது. நடுவில் பிழை இருந்தாலும் கடைசியில் ஏதோ ஒரு எச்டிஎம்எல் வந்துவிடும். பக்கம் வந்துவிட்டது என்று நிம்மதியடையாமல் டெர்மினலில் "எரர்" என்று வந்த வரிகளை முழுதும் படியுங்கள். போதவில்லை என்றால் ஹைஃபன் ஏ உடன் "டீபக்" கொடுத்தால் எல்லாச் செய்திகளும் தெரியும். அதில் ஹெச்டிஎஃப் என்ற பின்னொட்டுள்ள கோப்பைக் காணவில்லை என்று வந்தால், டிவிஐயில் உள்ள ஓர் எழுத்துருவின் எழுத்துகளை யூனிகோடாக மாற்றும் அட்டவணை இல்லை என்று பொருள். அந்த எழுத்துருவில் வந்த எழுத்துகள் பக்கத்தில் விடுபடும் அல்லது தவறாக வரும். அலங்கார எழுத்துருப் பொதியை ஹெச்கோட் நிபந்தனையால் விலக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பக்கங்களைப் பிரிப்பதிலும் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. இயல்பான கோப்புப் பெயர்கள் ஆவணப் பெயருடன் வரிசை எண் சேர்ந்தவை. அடுத்த பதிப்பில் நடுவே ஓர் அத்தியாயம் சேர்த்தால் அதன்பின் உள்ள பெயர்கள் எல்லாம் நகரும். பிறர் கொடுத்த இணைப்புகள் வேறு அத்தியாயத்தைத் திறக்கும். அடிக்கடி திருத்தப்படும் கையேடு என்றால் எஸ்இசி-ஃபைல்நேம் விருப்பத்தால் தலைப்பிலிருந்து பெயர் எடுக்கச் சொல்லலாம், அல்லது முழுதையும் ஒரே பக்கமாக விடலாம். நூறு பக்க உரை ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இருப்பதில் உலாவிக்குச் சிரமம் எதுவுமில்லை. வாசகருக்கும் முழுக் கையேட்டிலும் ஒரே தடவையில் தேட முடியும்.

கையேடு பெரும்பாலும் கணிதம் என்றால் லேடெக்எக்ஸ்எம்எல் என்ற கருவியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டில், கணிதச் சார்புகளின் மின்னூலகத்துக்காக புரூஸ் மில்லர் எழுதியது. 2023 டிசம்பரிலிருந்து ஆய்வுக் கட்டுரைத் தளமான ஆர்கைவ் கட்டுரைகளை எச்டிஎம்எல்லில் தருவதும் இதைக் கொண்டுதான். இது டெக்கை ஓட்டுவதில்லை. டெக்கின் நடத்தையைப் பெர்லில் மறுபடி எழுதி, முதலில் எக்ஸ்எம்எல், பிறகு எச்டிஎம்எல் என்று இரண்டு படியாகப் போகிறது. ஒவ்வொரு லேடெக் பொதிக்கும் அதற்கென்று ஓர் இணைப்புக் கோப்பு வேண்டும். உங்கள் பொதிகள் அதன் பட்டியலில் இருந்தால் வெளியீடு டெக்4ஹெச்டியைவிடத் தூய்மையாக இருக்கும். சொந்தச் சூழல்களைத் தனி டேக்காக்க அந்த இணைப்பைப் பெர்லில் எழுத வேண்டியிருப்பதால், எச்சரிக்கைப் பெட்டியும் பயிற்சிக் கட்டங்களும் நிறைந்த கையேட்டுக்கு மேலே சொன்ன கான்ஃபிக் கோப்பு வழியே எளிது.